படம் பார்க்கப் போனவர்கள்

பொடிசுக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்வது அண்ணிக்கு இதுதான் முதல் தடவை. மியூசியத்தின் பக்கவாட்டுக் கதவு முன்னால் மாமியாரோடு நின்றுகொண்டிருந்தபோது, யாரோ பின்னாலிருந்து வந்து தோளைத் தட்டப் போகிறார்கள் என்றே அவளுக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

அந்த வீட்டில் அவளுக்கு அண்ணி என்பதே பெயராகிவிட்டது. நாத்தனார் பொடிசு வாய் ஓயாமல் கூப்பிட்டுக் கூப்பிட்டு வந்த வினை. கட்டிய கணவனே "அண்ணி எங்க?" என்று தங்கையிடம் கேட்பான். மாமியாரும் அப்படித்தான். பொடிசு என்பதும் அதேபோல் ஒட்டிக்கொண்ட பெயர். வீட்டிலேயே உயரமானவள் அவள்தான், முப்பதைத் தாண்டியாயிற்று, பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்துகொடுக்கும் கூடத்தில் வேலை.

துணி மடிக்கும் சாக்கில் அவள் வாயைத் திறந்தது போன வாரம்தான். மியூசியத்தில் வழிகாட்டியாக இருக்கும் ஒருவனைப் பிடித்திருக்கிறது, அவனுக்கும் தன்னைப் பிடித்திருக்கிறது என்றாள். யாரிடமும் சொல்லாதே என்றாள். போர்வையின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு, ஒரு படத்தின் முன்னால் நின்று அவன் சொன்னதை அப்படியே சொல்லிக் காட்டினாள்.

"இந்தப் படத்தை இத்தனை நாளா நான் தனியாத்தான் பாத்துட்டு இருந்தேன். இன்னைக்குத்தான் பக்கத்துல ஒருத்தர் நிக்கிறாங்க."

'இன்னைக்குத்தான்' என்பதற்கு முன்னால் சின்னதாக ஒரு நிறுத்தம். அந்த நிறுத்தத்தையும் பொடிசு விட்டுவிடவில்லை.

அண்ணி அதைக் கேட்டதும் போர்வையைக் கை நழுவவிட்டாள். மறுநாள் வேலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதும் அந்த வாக்கியம் கூடவே இருந்தது, கரையாத மிட்டாயை நாக்குக்கடியில் ஒதுக்கி வைத்திருப்பதுபோல. அவள் கணவன் நல்லவன். பல்ப் போனால் உடனே மாற்றுவான், காய்ச்சல் என்றால் பக்கத்திலேயே இருப்பான். ஆனால் அவன் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் இந்த ஜென்மத்தில் வராது. வராது என்பதற்காக அவள் வருத்தப்பட்டதும் இல்லை. பொடிசு சொன்ன பிறகுதான், வருத்தப்பட்டிருக்கலாமோ என்று தோன்றியது.

ரகசியம் மூன்று நாள்கூடத் தாங்கவில்லை. மாமியார் பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். யாருக்கு என்ன என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். மகள் சாப்பாட்டைக் குறைத்ததையும், விடுமுறை நாளில் செருப்பைத் துடைத்து வைத்ததையும் சேர்த்துப் பார்த்தார். மகளைக் கேட்கவில்லை. நேராக மருமகளிடம் வந்தார்.

அண்ணி பாதியைச் சொன்னாள். ஆள் யார், எங்கே வேலை. அந்த வாக்கியத்தை மட்டும் தனக்கென்று வைத்துக்கொண்டாள்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் பொடிசுக்குப் போன தடவை பார்த்த வரன் அவள் கொண்டுவந்தது. அவளுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறை. "நல்ல பையன், எனக்குத் தெரியும்" என்று அவள்தான் எல்லோரிடமும் சொன்னாள். அழைப்பிதழ் அச்சாகி வந்த பிறகு, தனக்கு வேறொரு பெண்ணோடு ஏற்கெனவே குடும்பம் இருக்கிறது என்று அந்த நல்ல பையன் போனில் சொன்னான். அதன்பின் அண்ணியை யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. இன்னொரு தடவை ஒருவன் விஷயத்தில் ஏமாந்தால் பொடிசு எழுந்திருக்க மாட்டாள். அந்த வீட்டில் தானும் தலை நிமிர முடியாது. அந்தப் பயத்தில்தான் வாய் தானாகத் திறந்தது.

வீட்டுக்கு அழைத்துப் பார்க்கலாமே என்றாள். மாமியார் ஒப்பவில்லை.

"சொல்லிட்டுப் போனா எந்த வார்டும் பளபளன்னுதாம்மா இருக்கும். வேலை செய்யற இடத்துல பாக்கணும். நாம யாருன்னு அவனுக்குத் தெரியக்கூடாது."

மியூசியத்தில், கூட்டம் வருவதற்கு முன்னால் இரண்டு பேருக்கும் மூன்று பேருக்கும் தனியாகச் சுற்றிக் காட்டும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. எந்த வழிகாட்டி வேண்டும் என்றுகூடக் கேட்கலாம். மாமியார் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து, பக்கத்து வீட்டுக்காரியின் பெயரிலேயே பதிவு செய்துவிட்டார்.

கதவைத் திறந்த காவலாளி பைகளை வாங்கி வைத்துக்கொண்டான். கைப்பையைக் கொடுக்க மாமியார் தகராறு செய்தார். உள்ளே மாத்திரை இருக்கிறது என்றார். மாத்திரையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், பை இங்கேதான் இருக்க வேண்டும் என்று அவன் சொல்ல, அவனுடைய தொப்பையைப் பார்த்து, ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டு எத்தனை நாளாயிற்று என்று கேட்டுவிட்டுத்தான் பையைக் கொடுத்தார்.

அப்போது வழிகாட்டி வந்தான்.

அண்ணி எதிர்பார்த்த ஆள் இல்லை. அப்படி ஒரு வாக்கியம் சொல்கிறவனுக்கு அதற்கேற்ற ஒரு முகம் இருக்கும் என்று அவள் பாட்டுக்கு நினைத்து வைத்திருந்தாள். வந்தவன் சராசரி உயரம், முன் நெற்றியில் கொஞ்சம் வழுக்கை, சத்தம் வராத ரப்பர் அடிச் செருப்பு. வணக்கம் சொல்லிவிட்டு, யார் யார் என்று கேட்டான்.

"வெளியூர். இவ என் பொண்ணு," என்றார் மாமியார், கண் இமைக்காமல்.

அவன் இருவரையும் ஒரு கணம் பார்த்தான். "சந்தோஷம்," என்றான். அந்த ஒரு கணம் கொஞ்சம் அதிகமாக நீண்டதோ என்று அண்ணிக்குப் பட்டது. மாமியார் தன்னை மகள் என்று சொன்னது பொய்யாக இருந்தாலும் ஏனோ நன்றாக இருந்தது; அந்தக் கூச்சத்தில் அவள் அவன் பார்வையை மறந்துவிட்டாள்.

அவன் பின்னோக்கியே நடந்தான். முகம் இவர்கள் பக்கம், முதுகு போகிற பக்கம். ஒரு தூணிலும் இடிக்கவில்லை. படத்தை விரலால் சுட்டவில்லை, உள்ளங்கையைத் திறந்து தூரத்திலிருந்தே காட்டினான். ஒவ்வொரு படத்தின் முன்னாலும் முதலில் அவர்களை நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரம் நான் பேசமாட்டேன், நீங்கள் பாருங்கள் என்று ஒதுங்கிக்கொண்டான்.

அந்தக் கொஞ்ச நேரத்தில் மாமியார் அவனைப் பார்த்தார்.

பாதி உரித்த பழம் ஒரு மேசையில் கிடக்கும் படத்தின் முன்னால் அவன் நகங்களைப் பார்த்தார். படகு கட்டும் துறை ஒன்றின் முன்னால் அவன் மூச்சைக் கவனித்தார். அடுத்த அறையில், மேலே அந்த விளக்கு என்ன தம்பி என்று கேட்டார். அவன் அண்ணாந்து பார்த்து, சாயம் வெளுக்காமல் இருக்க ஒளியைக் குறைத்துப் போடும் விளக்கு என்று விளக்கிக்கொண்டிருக்க, இவர் எட்டி அவனுடைய கீழ் இமையின் உட்புறத்தைப் பார்த்து, "ரத்தம் இருக்கு," என்று மருமகளின் காதில் சொன்னார்.

அண்ணிக்குச் சிரிப்பை அடக்க இருமவேண்டி வந்தது. வந்த காரியம் இவ்வளவு சுலபமாக முடிந்துவிடும் போலிருக்கிறதே என்று மனசு லேசானது. அவன் பேச்சிலும் அலட்டல் இல்லை. தெரியாததைத் தெரியாது என்றான். இவளுக்குக் கால் வலிக்கிறதா என்று கேட்டு ஒரு மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டான்.

கடைசி அறையில் ஒரே ஒரு படம்தான் இருந்தது.

ஜன்னலோரம் ஒரு பெண் முதுகு காட்டி நின்றுகொண்டிருந்தாள். கையில் ஏதோ வைத்திருக்கிறாள், என்ன என்று தெரியவில்லை. கூந்தலை அவசரமாக அள்ளி முடிந்திருக்கிறாள். பின்கழுத்தில் மட்டும் வெளிச்சம். அழுகிறாளா, யாரையாவது எதிர்பார்க்கிறாளா, சும்மா நிற்கிறாளா, ஒன்றும் சொல்ல முடியவில்லை. அண்ணி இன்னும் ஓர் அடி நெருங்கிப் போனாள். திரும்பமாட்டாளா என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.

அவன் மெல்ல வந்து மாமியாரின் பக்கத்தில் நின்றான்.

"இந்தப் படத்தை இத்தனை நாளா நான் தனியாத்தான் பாத்துட்டு இருந்தேன்," என்றான். நிறுத்தினான். "இன்னைக்குத்தான் பக்கத்துல ஒருத்தர் நிக்கிறாங்க."

அதே நிறுத்தம். பொடிசு போர்வையோடு காட்டிய அதே அளவு.

அண்ணி திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒரு மாற்றமும் இல்லை. மாமியார் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

அண்ணியின் வேலை, இணைய இணைப்புக் கம்பெனியில் புகார் கேட்பது. எதிரில் திரையில் வாக்கியங்கள் எழுதியிருக்கும். 'உங்க சிரமம் எனக்குப் புரியுது', 'உங்க இடத்துல நான் இருந்தாலும் கோபப்பட்டிருப்பேன்'. எங்கே மூச்சு விட வேண்டும் என்பதுவரை பயிற்சி உண்டு. மனப்பாட வாக்கியம் ஒன்றை ஆயிரம் தொண்டைகளுக்கு நடுவிலும் அவளால் அடையாளம் கண்டுகொள்ள முடியும். வார்த்தையைத் தேடுகிற சின்னத் தடுமாற்றம் அதில் இருக்காது. வழவழவென்று இருக்கும்.

இது அப்படித்தான் இருந்தது. பொடிசு வாயில் கேட்டபோது மட்டும் தனக்கு ஏன் தெரியவில்லை? தெரிந்துகொள்ள விருப்பமில்லாமல் இருந்தேனோ என்று நினைத்ததும் காது சுட்டது. ஒருத்திக்கு மட்டுமே சொன்னதாக நினைத்துத் தான் பத்திரப்படுத்தி வைத்திருந்த வாக்கியம், வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் கிடைக்கிற ஒன்று.

மாமியார் கழிவறைக்குப் போனார். அண்ணி அவனோடு தனியாக நின்றாள்.

"கடைசியா ஒண்ணு சொன்னீங்களே. அதை எல்லாருக்கும் சொல்வீங்களா?"

"சொல்வேன் மேடம். வேலைக்கு வந்ததுலேர்ந்து." தயக்கமே இல்லை.

"யாராவது தனக்குத்தான் சொன்னதா நினைச்சுட்டா?"

இந்த முறை அவன் கொஞ்சம் யோசித்தான். "நினைச்சா நல்லதுதானே. இன்னும் கொஞ்ச நேரம் நின்னு படத்தைப் பாப்பாங்க."

அவளுக்குக் கோபம் வந்தது. கூடவே, மாதா மாதம் அவள் பெயரைச் சொல்லிக் கேட்டு இணைப்பு வாங்கிப் பேசும் ஒரு பெரியவரின் நினைவும் வந்தது. புகார் எதுவும் இருக்காது. "உங்க சிரமம் எனக்குப் புரியுது" என்று இவள் சொல்வாள், சந்தோஷமாக வைத்துவிடுவார். அவரை ஏமாற்றுவதாக அவள் ஒரு நாளும் நினைத்ததில்லை. ஆனால் அவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகவும் அவள் யாரிடமும் சொல்லவில்லையே.

மாமியார் திரும்பி வந்தார். ஊரில் தன் சொந்தக்காரர்களும் வர ஆசைப்படுவார்கள் என்று சொல்லி அவனுடைய போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பைகளை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். வெயில் கண்ணில் அடித்தது. மாமியார் முன்னால் இறங்கிப் போய்விட்டார். அண்ணி காலை எடுத்து வைத்தபோது அவன் பின்னாலிருந்து சொன்னான்:

"படி கொஞ்சம் வழுக்கும். பாத்து இறங்குங்க, அண்ணி."

அவள் படியிலேயே நின்றுவிட்டாள். காலையிலிருந்து மேடம் என்றவன். மகள் என்று மாமியார் சொல்லக் கேட்டவன். உள்ளே மாமியார் வாய் தவறிக்கூட அண்ணி என்று கூப்பிடவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவன் உள்ளே போய்க்கொண்டிருந்தான், இந்த முறை முன்னோக்கி. கதவு சாத்திக்கொண்டது.

அப்படியானால் அவனுக்கு முதலிலேயே தெரியும். தெரிந்துகொண்டு நகத்தைக் காட்டினான், விளக்கை அண்ணாந்து பார்த்தான், தெரிந்துகொண்டே அந்த வாக்கியத்தையும் சொன்னான். ஒரு காலைப் பொழுது முழுக்க ஒன்றும் தெரியாதவன்போல் இருக்க முடிந்தவன் வேறு எதெதையெல்லாம் மறைப்பான்?

பஸ்ஸில் மாமியார் தீர்ப்பை வாசித்தார். நல்ல ரத்தம், சுத்தமான நகம். அத்தனை நேரம் எங்கேயும் சாயாமல் நின்றான், முதுகெலும்பு உறுதி. சிகரெட் வாடை இல்லை. "தனியாத்தான் பாத்துட்டு இருந்தேன்னு சொன்னானே, பாவமா இருந்தது," என்றார். பிறகு, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "நீ என்னம்மா சொல்ற?" என்றார்.

போன தடவை எல்லோரும் இதையேதான் கேட்டார்கள். தலை வலிக்கிறது என்றாள். அது பொய்யும் இல்லை.

பொடிசிடம்தான் முதலில் பேச வேண்டும். அவள்தான் அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். எப்படியோ இவர்கள் திட்டம் தெரிந்துபோய், முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறாள். அப்படியென்றால் காலையிலிருந்து கூத்தாடியது தானும் மாமியாரும்தான். அது பரவாயில்லை. அதைத் தவிர வேறு எதுவாகவும் இருந்துவிடக் கூடாதே என்று வழி முழுக்க வேண்டிக்கொண்டாள்.

சாயங்காலம் பொடிசு வந்தாள். சட்டைக் கையில் வழக்கம்போல் பல் அச்சு வார்க்கும் வெள்ளை மாவு. சமையலறையில் கை கழுவிக்கொண்டிருந்தவளிடம் அண்ணி கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்.

"இன்னைக்கு நானும் அத்தையும் மியூசியம் போனோம்."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. பொடிசு முகத்தில் ரத்தம் இல்லை. ஏன் சொன்னாய் என்று கேட்பாள், கத்துவாள் என்று அண்ணி காத்திருந்தாள்.

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னீங்களா?"

"இல்ல. வெளியூர், அம்மா பொண்ணுன்னு சொன்னோம்."

பொடிசு மூச்சை விட்டாள். அது சாதாரணப் பெருமூச்சு இல்லை. கீழே விழ இருந்த கண்ணாடிச் சாமானைக் கடைசி நொடியில் பிடித்துவிட்டவளின் மூச்சு. அண்ணி குழாயை மூடினாள்.

"எதுக்கு இவ்வளவு நிம்மதி உனக்கு?"

பொடிசு துண்டை எடுத்தாள். ஏற்கெனவே காய்ந்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

"நாங்க வர்றதை நீதானே அவர்கிட்ட சொன்ன?"

"எனக்கே இப்பத்தானே தெரியும்." குரல் இறங்கியது. "அண்ணி, திட்டாதீங்க. அவர்கிட்ட எனக்கு யாருமே இல்லன்னு சொல்லியிருக்கேன்."

அண்ணிக்கு உடனே புரியவில்லை. "யாருமே இல்லன்னா?"

பிறகு அது துண்டு துண்டாக வந்தது. முதல் நாள், முன்பின் தெரியாத ஆள் என்ற தைரியத்தில், வீட்டில் யார் யார் என்று அவன் கேட்டதற்குச் சும்மா சொல்லிவிட்டாள். சொன்னதும் லேசாக இருந்ததாம். கல்யாணம் நின்றுபோன பெண் என்று தெரியாத ஒரே மனுஷன், பாவம் என்று பார்க்க ஆள் இல்லாத ஒரே இடம். அடுத்த தடவை போனபோது மாற்றிச் சொல்லலாம் என்று நினைத்தாள். முடியவில்லை. அதற்கடுத்த தடவை இன்னும் முடியவில்லை. அம்மா எப்போது போனார்கள் என்று அவன் கேட்க, அதற்கும் ஒரு பதில் சொல்லிவிட்டாள்.

நாள் முழுக்க அந்த மனிதனின் ஒரு வாக்கியத்தைத் தராசில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோமே என்று அண்ணி நினைத்தாள். அவனைச் சந்தேகப்பட்ட அளவில் பாதிகூட இவளைச் சந்தேகப்படத் தோன்றவில்லை. யாருமே இல்லை என்றால், அதில் துணி மடிக்கும்போது எதிர்முனையைப் பிடித்துக்கொண்டு நின்றவளும் இல்லை. வலித்தது. வலிக்கிறது என்று காட்டிக்கொள்ள இது நேரமில்லை.

"அவர் என்னை அண்ணின்னு கூப்பிட்டார்," என்றாள்.

பொடிசு நிமிர்ந்து பார்த்தாள்.

"கிளம்பும்போது, வாசல்ல. அத்தை என்னைப் பொண்ணுன்னு சொன்னதுக்கு அப்புறமும்."

"இருக்காது. உங்க பேச்சையே நான் எடுத்ததில்ல. போட்டோகூடக் காட்டினதில்ல." சொல்லச் சொல்ல அவள் கண்கள் வேறெங்கோ போய்க்கொண்டிருந்தன. "அப்ப என் பின்னாடி வந்திருக்கார். வீடு வரைக்கும் வந்திருக்கார், அண்ணி. எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு, அம்மா எப்ப போனாங்கன்னு என்கிட்ட கேட்டாரா?"

அது பயமா கோபமா என்று அண்ணிக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. தெரிந்தே கேட்டிருந்தால் அவன் பயங்கரமானவன். கேட்ட பிறகு தெரிந்துகொண்டு, இவள் தானாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தால் வேறு மாதிரியானவன். இரண்டுக்கும் ஒரே முகம், ஒரே குரல். நாமும்தான் சொல்லாமல் போய் அவனைப் பார்த்துவிட்டு வந்தோம் என்று சொல்ல வந்து, சொல்லாமல் நிறுத்திக்கொண்டாள்.

கூடத்திலிருந்து மாமியாரின் குரல் கேட்டது. வார்டு முழுக்கக் கேட்கும்படி பேசிப் பழகிய குரல். சாத்திய கதவு அதற்கு ஒரு பொருட்டில்லை.

"தம்பி, காலையில வந்தோமே, ஞாபகம் இருக்கா? இல்ல, இன்னொரு தடவை சுத்திப் பாக்கறதுக்கு இல்ல. உங்களைப் பாக்க வர்றாளே, அவளோட அம்மா பேசறேன். மகன், மருமகள், நான், அவள்னு நாலு பேர் இருக்கோம் வீட்டுல. ஞாயித்துக்கிழமை நீங்க வரணும்."

பொடிசு கதவை நோக்கிப் பாய்ந்தாள். அண்ணி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். ஏன் பிடித்தாள் என்று கேட்டிருந்தால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. போன தடவை எல்லோருக்காகவும் தான் பேசிவிட்டோம் என்பது மட்டும் தெரிந்தது. இந்தத் தடவை அவன் பேசட்டும்.

"விடுங்க அண்ணி."

"என்ன சொல்றார்னு கேக்கணும்."

கூடத்தில் பேச்சு நின்றிருந்தது. எதிர்முனையில் அவன் சொல்லிக்கொண்டிருந்தான் போலிருக்கிறது. மாமியார் குறுக்கே பேசவில்லை. "ம்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு "ம்". பிறகு, அந்தக் குரலுக்குப் பழக்கமே இல்லாத மெதுவான தொனியில் கேட்டார்:

"நான் செத்துட்டேன்னு எப்ப தம்பி சொன்னா?"

அண்ணி கதவை விரல் அளவு திறந்தாள். போனில் எதுவானாலும் நின்றபடியே பேசி முடிக்கிற மாமியார், ஒரு கையால் நாற்காலியைத் தடவித் தேடி இழுத்து, உட்கார்ந்துகொண்டிருந்தார்.